பனிமலையில் ஒரே ஒரு இரவு: நாக் டிப்பாவா, கேதார்கண்டாவா, தயாரா புக்யாலா?

ஜனவரி இரண்டாவது வாரம் நாலு பேர் கிளம்புகிறோம். உத்தராகண்ட் மலையில், பனிக்கு நடுவே, ஒரு இரவு கூடாரத்தில் படுத்து எழுந்து இறங்கிவர வேண்டும். ஆசை அவ்வளவுதான். நாலு பேரில் இருவர் பனியையே பார்த்ததில்லை. நான் இரண்டு முறை இமயமலைப் பக்கம் போயிருக்கிறேன், ஆனால் இப்போது யோசிக்கும் இடங்கள் எதிலும் நான் கால் வைத்ததில்லை. எங்கே போவது என்று மூன்று வாரமாக வாட்ஸ்அப்பில் மாற்றி மாற்றிப் பேசி, வரைபடம் பார்த்து, போய்வந்தவர்களிடம் கேட்டு ஒரு முடிவுக்கு வந்துவிட்டோம். இதே கேள்வியோடு இன்னும் பலர் இருப்பீர்கள் என்பதால் எதை எதோடு ஒப்பிட்டோம், எதை ஏன் தள்ளினோம் என்று எழுதுகிறேன்.

நம்ம ஊரிலேயே போகலாமே என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்த பிறகு தமிழ்நாட்டில் மலையேற்ற விதிகள் இறுகிவிட்டன, இறுக வேண்டியதும்தான். 2024 அக்டோபரில் வனத்துறை ட்ரெக் தமிழ்நாடு என்று 40 பாதைகளைத் திறந்தது. நல்ல ஏற்பாடு, ஆனால் அவை பெரும்பாலும் காலையில் ஏறி மாலைக்குள் இறங்குகிற பாதைகள். மலையில் இரவு தங்குவதும் பனியும் வேண்டுமென்றால் வடக்கே போகத்தான் வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தை முதலிலேயே மனதில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். தென்னிந்தியாவின் உச்சி ஆனைமுடி, 2,695 மீட்டர். தொட்டபெட்டா 2,637. நாங்கள் யோசித்த மூன்று இடங்களில் இரண்டில் கூடாரம் போடும் இடமே ஆனைமுடியைவிட உயரம். அதாவது நாம் வாழ்நாளில் ஏறிய எந்த உச்சியையும்விட மேலே போய்த் தூங்கப் போகிறோம். வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறியிருக்கிறேன், பர்வதமலை ஏறியிருக்கிறேன் என்று எங்கள் குழுவில் ஒருவர் சொன்னார். அது கால் பலத்துக்கும் மூச்சுக்கும் நிச்சயம் உதவும். ஆனால் ஏறும்போது உடம்பு சூடாகத்தான் இருக்கும், ஏறி நின்ற பிறகுதான் குளிர் பிடிக்கும். சாயங்காலம் ஐந்தரை மணியிலிருந்து மறுநாள் காலை ஏழு மணிவரை, பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் நீளும் ஓர் இருட்டில், சைபருக்குக் கீழே கிடப்பதற்கு வெள்ளியங்கிரியில் பயிற்சி கிடையாது.

அதனால் ஒப்பிடும் முறையையே மாற்றினோம். முதலில் எங்கே காட்சி அழகு, எங்கே பனி அதிகம் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு ஒரே கேள்வியை முன்னால் வைத்தோம்: ராத்திரி இரண்டு மணிக்கு நம்மில் ஒருவருக்கு முடியாமல் போனால், அவரை எவ்வளவு நேரத்தில் ஜீப் நிற்கும் இடத்துக்குக் கொண்டுவர முடியும்? தெரிந்த மலை என்றால் குறுக்குவழி தெரியும், யாரைக் கூப்பிடுவது என்று தெரியும். தெரியாத மலையில் வந்த வழி ஒன்றுதான் நமக்குத் தெரிந்த வழி, அதுவும் ஒரு பனிப்பொழிவில் மறைந்துவிடலாம். 2024 ஜூனில் இதே உத்தரகாசிப் பக்கம் சஹஸ்ரதால் என்ற மலை ஏரிக்குப் போன 22 பேர் கொண்ட குழு பனிப்புயலில் சிக்கி 9 பேர் இறந்தார்கள். குழுவில் பெரும்பாலானவர்கள் கர்நாடகத்திலிருந்து போனவர்கள், நம்மைப் போலவே தெற்கத்திக்காரர்கள். ஜூன் மாதம் அது! 4,000 மீட்டருக்கு மேல், ஊரிலிருந்து வெகுதூரத்தில் இருந்தார்கள். அந்தச் செய்தியை மறுபடி படித்த அன்றைக்குத்தான் எங்கள் பேச்சின் போக்கே மாறியது.

முதலில் நாக் டிப்பா. மசூரிக்கு அப்பால் உள்ள மலை, உச்சி 3,022 மீட்டர். டேராடூனில் இருந்து பந்த்வாரி கிராமத்துக்கு மூன்று, நாலு மணி நேரத்தில் போய்விடலாம். நாக தேவதை கோயிலுக்குப் பக்கத்தில் கூடாரம், மறுநாள் காலை உச்சி, மதியத்துக்குள் கீழே. ஒரே ஒரு இரவுக்கு என்றே செய்துவைத்த மாதிரி இருக்கும். வேண்டாம் என்றால் எந்த இடத்திலிருந்தும் திரும்பிவிடலாம், கூப்பிடு தூரம் என்று சொல்ல முடியாவிட்டாலும் டேராடூன் ஆஸ்பத்திரி அன்றைக்கே எட்டக்கூடிய தூரம்தான். என் கேள்விக்கு மூன்றிலும் நல்ல பதில் இதற்குத்தான்.

அப்புறம் ஏன் இதையே எடுக்கவில்லை? இரண்டு காரணம். பந்த்வாரி 1,400 மீட்டர் அளவில்தான் இருக்கிறது. முதுகில் மூட்டையோடு முதல் நாளே கிட்டத்தட்ட 1,200 மீட்டர் செங்குத்தாக ஏற வேண்டும். குளிர்கால மூட்டை பன்னிரண்டு கிலோவுக்குக் குறையாது. புதியவர்கள் இருவரும் வியர்வையில் நனைந்து, களைத்து, இருட்டும் நேரத்தில் போய்ச் சேருவார்கள். நனைந்த உடம்போடு குளிர் இரவுக்குள் நுழைவதுதான் இருப்பதிலேயே மோசமான தொடக்கம். இன்னொன்று, இந்த உயரத்தில் பனி நிச்சயம் கிடையாது. ஜனவரி பிப்ரவரியில் விழும், சில வாரம் நிற்கும், சில வருடம் ஏமாற்றும். பனி இல்லாவிட்டால் தண்ணீருக்கும் அலைய வேண்டியிருக்கும், மேலே ஊற்று குறைவு. ஆனால் உங்களுக்கு இரண்டு நாள் லீவுதான் என்றால், வேறெதையும் யோசிக்காமல் இங்கேயே போங்கள். இருப்பது இரண்டே நாளாக இருக்கும்போது தூரமான மலையை எடுத்தால், வானிலை கெட்டாலும் ஏறித்தான் தீருவேன் என்கிற நெருக்கடியை நாமே உண்டாக்கிக்கொள்கிறோம்.

கேதார்கண்டா பற்றி எல்லோரும் சொல்வார்கள். பனிமலை என்று தேடினாலே முதலில் வருவது அதுதான். உச்சி 3,800 மீட்டர், அடிவாரம் சாங்கிரி என்ற கிராமம், டேராடூனில் இருந்து சுமார் 200 கி.மீ. ஆனால் மலைப்பாதை என்பதால் எட்டு முதல் பத்து மணி நேரம் ஆகும். கோவிந்த் வனவிலங்கு சரணாலயத்துக்குள் வருவதால் அனுமதிக் கட்டணம் உண்டு. உச்சியில் நின்றால் ஸ்வர்காரோஹிணியும் பந்தர்பூஞ்சும் கறுப்புச் சிகரமும் வரிசையாகத் தெரியும். ஜனவரியில் பனிக்குப் பெரும்பாலும் பஞ்சமிருக்காது. ஆட்கள் நிறைய இருப்பதால் தனியாக மாட்டிக்கொள்ளும் பயம் இல்லை. இதெல்லாம் உண்மையான நன்மைகள்.

ஆனால் அந்தக் கூட்டமேதான் இடைஞ்சலும். டிசம்பர் கடைசி வாரத்திலும் ஜனவரி தொடக்கத்திலும் நூற்றுக்கணக்கில் ஏறுகிறார்கள். அத்தனை பூட்ஸும் மிதித்து மிதித்து, பஞ்சு மாதிரி இருக்க வேண்டிய பனி கண்ணாடி மாதிரி கட்டியாகிவிடும். இறங்கும்போது அதில்தான் வழுக்கி விழுவார்கள், முழங்கால் போவதும் மணிக்கட்டு முறிவதும் அங்கேதான். காலில் மாட்டும் முள்சங்கிலி, மைக்ரோஸ்பைக்ஸ் என்று சொல்வார்கள், அது இல்லாமல் அங்கே போக வேண்டாம். இரண்டாவது, இது ஒரு இரவு மலை கிடையாது. ஜூடா கா தாலாப் என்ற குளத்தருகே 2,770 மீட்டரில் ஒரு இரவு, 3,430 மீட்டர் முகாமில் ஒரு இரவு, அங்கிருந்து விடியும் முன் இருட்டில் உச்சிக்கு, பிறகு இறங்கும் வழியில் இன்னொரு இரவு என்பதுதான் வழக்கமான கணக்கு. கடற்கரை ஊரிலிருந்து கிளம்பி மூன்றாம் நான்காம் நாளே 3,430 மீட்டரில் தூங்குவது எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது. மலை நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல் தலைகாட்டும், 3,000 தாண்டிய பிறகு தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. தலைவலியோடு குமட்டலும் சேர்ந்துகொண்டால் மேலே போகாமல் நின்றுவிட வேண்டும், சரியாகவில்லை என்றால் இறங்கிவிட வேண்டும். மாத்திரையைப் போட்டுக்கொண்டு மேலே ஏறக் கூடாது.

இதில் பலர் கவனிக்காத ஒரு நடுவழி இருக்கிறது. சாங்கிரியில் இருந்து ஜூடா கா தாலாப் வரை மட்டும் போய், குளத்தருகே ஒரு இரவு தங்கி, மறுநாள் இறங்கிவிடலாம். நாலு கி.மீ. சுமார்தான், முழுக்கக் காட்டுப்பாதை. உச்சியை விட்டுவிட்டால் இது அருமையான முதல் பனி இரவு. நாங்கள் ஒரு வாரம் இதில்தான் நின்றோம். ஆனால் பக்கத்தில் இருபது கூடாரத்து ஆட்கள் உச்சிக்குக் கிளம்பும்போது நாம் மட்டும் இறங்குவோமா? எங்கள் நாலு பேரையும் எனக்குத் தெரியும். ஒருவர் கட்டாயம் "இவ்வளவு தூரம் வந்துட்டோம்" என்று ஆரம்பிப்பார். அந்தப் பேச்சுக்கே இடம் இல்லாத மலையாக வேண்டும் என்று நினைத்தேன்.

பிரம்மதால் என்ற இன்னொரு மலைப்பாதையையும் பார்த்தோம். லோஹாஜங்கில் இருந்து ஏறுவது, திரிசூல் சிகரம் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும் என்கிறார்கள். ஆனால் முகட்டின் மேல் நெடுந்தூரம் காற்றில் நடக்க வேண்டும், சமவெளியிலிருந்து போய்ச் சேரவே ஒரு முழு நாள் போய்விடும், ஒரு இரவில் முடிக்கிற வேலையும் இல்லை. இந்த முறைக்கு வேண்டாம்.

கடைசியில் நின்றது தயாரா புக்யால். புக்யால் என்றால் மரம் முளைக்கும் எல்லைக்கு மேலே இருக்கும் புல்வெளி, நம்ம ஊர் சோலைக்காட்டுக்கு மேல் வரும் புல்மேடு மாதிரி, ஆனால் அதைவிடப் பல மடங்கு பெரியது. உத்தரகாசியைத் தாண்டி பட்வாரி வழியாக ராயித்தல் அல்லது பார்சு கிராமத்துக்குப் போய் அங்கிருந்து ஏற வேண்டும். டேராடூனில் இருந்து உத்தரகாசி 145 கி.மீ. அளவு, அங்கிருந்து ராயித்தல் இன்னும் 40 சொச்சம். ராயித்தல் ஏறக்குறைய நம்ம ஊட்டி உயரம், அதாவது 2,200 மீட்டரை ஒட்டி. அங்கே ஒரு இரவு வீட்டில் படுத்து உடம்பைப் பழக்கிக்கொண்டு, மறுநாள் மூன்று நாலு மணி நேரம் ஏறினால் குயி என்ற இடம், 2,900 மீட்டர் அளவில். அங்கே கூடாரம். அடுத்த நாள் காலை மூட்டையைக் கூடாரத்திலேயே வைத்துவிட்டு, வெறும் தண்ணீரும் கொஞ்சம் தீனியும் மேலங்கியும் மட்டும் எடுத்துக்கொண்டு புல்வெளிக்குப் போய், முடிந்தவரை மேலே ஏறி, மதியம் திரும்பி, வெளிச்சம் இருக்கும்போதே ராயித்தலுக்கு இறங்கிவிடலாம்.

2018 ஆகஸ்டில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் புக்யால்களில் இரவு தங்கத் தடை விதித்தது. பலர் இதை ஒரு குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு இது குளிர்காலத்துக்கு நல்லதாகவே படுகிறது. திறந்த புல்வெளியில் காற்றுக்கு மறைப்பே இல்லை. மர எல்லைக்குக் கீழே, ஓக் மரங்களுக்கு நடுவே இருந்தால் காற்றின் வேகம் பாதியாகக் குறைந்த மாதிரி இருக்கும், கூடாரமும் நிற்கும், தூக்கமும் வரும். போகும் முன் எங்கே தங்கலாம் என்று உள்ளூர் வனத்துறையிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். வழியில் ராயித்தல்காரர்கள் கோடையில் மாடு மேய்க்கத் தங்கும் குடிசைகள் வரும். ஆகஸ்டில் அவர்கள் மேலே வெண்ணெயும் மோரும் வீசி விளையாடும் ஒரு திருவிழாவே உண்டு. குளிர்காலத்தில் குடிசைகள் காலியாகக் கிடக்கும், அதற்காக உள்ளே புகுந்துவிடக் கூடாது, அது அவர்கள் வீடு.

என் கேள்விக்குத் தயாரா சொல்லும் பதில் இதுதான்: குயியில் இருந்து ராயித்தலுக்கு இறக்கம் மட்டும்தான், இருட்டில் தலைவிளக்கோடு மெதுவாக நடந்தாலும் விடிவதற்குள் ஊர் வந்துவிடும். ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள், ஜீப் இருக்கிறது, உத்தரகாசியில் மாவட்ட ஆஸ்பத்திரி இருக்கிறது. புல்வெளியின் சரிவும் பெரும்பாலும் மென்மையானது. பனிச்சரிவு வருவது அதிகமும் 30 முதல் 45 டிகிரி சாய்வில்தான், அந்த மாதிரி சரிவுகளுக்குக் கீழே போகாமலே இங்கே நாளை முடிக்கலாம். இங்கே உச்சி என்று மெனக்கெட வேண்டிய ஒன்று இல்லை என்பதும் எனக்குப் பெரிய நிம்மதி. தயாரா உச்சி என்று 3,600 மீட்டரை ஒட்டி ஒரு மேடு உண்டு, ஆனால் புல்வெளியின் விளிம்பில் நின்றாலே பந்தர்பூஞ்ச் முழுசாகத் தெரியும். எந்த இடத்தில் திரும்பினாலும் தோற்றுப்போன மாதிரி இருக்காது.

இடம் முடிவானதும் அடுத்த சண்டை, யாரோடு போவது. பெரிய நிறுவனங்கள் இருபது பேரைச் சேர்த்துக் கூட்டிப்போகின்றன. கூடாரம், சாப்பாடு, எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள், முதல் முறை போகிறவர் தனியாள் என்றால் அதுதான் சரி. ஆனால் தேதி அவர்களுடையது. வானிலை பார்த்து ஒரு நாள் தள்ளிப்போடலாமா என்று கேட்க முடியாது. நாலு பேர் சேர்ந்து ராயித்தலிலேயே ஒரு உள்ளூர் வழிகாட்டியைப் பிடித்தால் அது முடியும். வழிகாட்டி வேண்டாம், போனில் வரைபடம் இருக்கிறது என்று ஒருவர் சொன்னதை நான் ஒத்துக்கொள்ளவே இல்லை. வரைபடத்தில் இருக்கும் கோடு கோடைகாலப் பாதை. முழங்கால் அளவு பனியில் அந்தப் பாதை எங்கே என்று காட்டில் வளர்ந்தவருக்குத்தான் தெரியும். வழிகாட்டியிடம் நாங்கள் கேட்டது மூன்றே கேள்வி: கடைசியாக எப்போது மேலே போனீர்கள், பனி எவ்வளவு ஆழம், தண்ணீர் எங்கே எடுப்போம். தயங்காமல் பதில் வந்தது. எங்களில் ஒருவருக்கு இந்தி நன்றாக வரும். யாருக்குமே வராது என்றால் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், ராத்திரி அவசரத்தில் சைகை உதவாது. அப்புறம், வெளிநாட்டில் இருந்து வரும் நண்பர்கள் கார்மின் இன்ரீச் மாதிரி செயற்கைக்கோள் கருவியைக் கொண்டுவர வேண்டாம், நம் நாட்டில் அனுமதி இல்லாமல் வைத்திருந்தால் விமான நிலையத்திலேயே பிடித்துக்கொள்வார்கள்.

பொருள்கள் விஷயத்தில் வாங்குவதா வாடகையா என்ற கேள்விக்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன். போன முறை மார்ச்சில் ஒரு மலையூர்க் கடையில் தூக்கப்பை வாடகைக்கு எடுத்தேன், மைனஸ் பத்து என்று எழுதியிருந்தது. இரவு முழுக்க நடுங்கினேன். பை கெட்டது என்றுதான் அப்போது நினைத்தேன். உண்மையில் என் உடம்புச் சூடு கீழே பனித்தரைக்குப் போய்க்கொண்டிருந்தது, யோகா பாய் மாதிரி ஒரு மெல்லிய விரிப்புதான் அடியில். படுத்ததும் தூக்கப்பையின் அடிப்பக்கப் பஞ்சு நசுங்கிவிடும், அதற்கப்புறம் விரிப்புதான் காப்பு. இந்த முறை தலைக்கு இரண்டு தடித்த நுரை விரிப்பு. தூக்கப்பையில் இரண்டு எண் போட்டிருப்பார்கள், கம்ஃபர்ட் என்று ஒன்று, லிமிட் என்று ஒன்று. நாம் பார்க்க வேண்டியது கம்ஃபர்ட். கூடாரம், பை, மைக்ரோஸ்பைக்ஸ் வாடகை. உடம்பில் ஒட்டும் துணி, காலுறை, கையுறை சொந்தம். ஜீன்ஸும் பனியனும் வேண்டவே வேண்டாம், பருத்தி நனைந்தால் காயாது.

அடுப்புக்குச் சின்ன கேஸ் குப்பியை விமானத்திலும் ரயிலிலும் கொண்டுபோக முடியாது, டேராடூனில் வாங்க வேண்டும். வாங்கும்போது வெறும் பியூட்டேன் வேண்டாம், 0 டிகிரியை ஒட்டியே அது ஆவியாக மறுத்துவிடும், புரோப்பேன் கலந்ததைக் கேளுங்கள். குளிர் தாங்கவில்லை என்று அடுப்பையோ அங்கீட்டி என்கிற கரிக் கணப்புச் சட்டியையோ கூடாரத்துக்குள் கொண்டுவந்து மூடிக்கொள்ளவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, தூக்கத்திலேயே கொன்றுவிடும். வட இந்தியாவில் குளிர்காலம் தோறும் வரும் செய்தி இது. அதற்குப் பதில் வெந்நீரைப் பாட்டிலில் ஊற்றி, மூடியை இறுக்கி, பைக்குள் காலடியில் வைத்துக்கொள்ளுங்கள், காலையில் உறையாத தண்ணீரும் கிடைக்கும். போனும் தலைவிளக்கு பேட்டரியும் கூடவே படுக்கட்டும். நடுக்கம் தானாக நின்று, பேச்சு குழறி, ஜிப்பைப் போடத் தெரியாமல் ஒருவர் தடுமாறினால் அவருக்குக் குளிர் பழகிவிட்டது என்று நினைக்காதீர்கள், அது அபாயக் கட்டம். ஈரத்துணியைக் கழற்றி, உலர்ந்த பைக்குள் போட்டு, சூடேற்றியபடி உதவி தேட வேண்டும்.

பயணத்தில் ஒரு நாளைச் சும்மா வைத்திருக்கிறோம். ஜனவரியில் டெல்லி மூடுபனியில் ரயிலும் விமானமும் தாமதமாவது சகஜம். மலையில் பனி பெய்வது மேற்கத்திய இடையூறு என்று வானிலைத் துறை சொல்லும் அமைப்பால். அது வருவதை மூன்று நாலு நாள் முன்பே ஓரளவு சொல்லிவிடுகிறார்கள், அதனால் டேராடூனில் இறங்கிய அன்று மாலை முன்கணிப்பைப் பார்ப்போம். இரண்டு நாள் தெளிவு என்றால் ராயித்தல். உத்தரகாசி மாவட்டத்துக்குக் கனத்த பனி எச்சரிக்கை என்றால் ஜீப்பை பந்த்வாரிப் பக்கம் திருப்பி, நாக் டிப்பா ஏற்றத்தில் பாதிவரை போய் இறங்குவோம். அங்கேயும் எச்சரிக்கை இருந்தால் மசூரியில் அறை. குயியில் இருந்து புல்வெளிக்குக் கிளம்பும் நாளில், எங்கே இருந்தாலும் பகல் பன்னிரண்டு மணிக்குத் திரும்பிவிடுவது என்று நாலு பேரும் ஒத்துக்கொண்டிருக்கிறோம், வழிகாட்டியிடமும் சொல்லியாயிற்று. அவர் பதினொன்றரை என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். சரி, பதினொன்றரை.